ஊசிக்கு முன் கையைப் படமெடுங்கள்!

(இளைஞர்களும் வணிகர்களும் பங்கேற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியவர்களே! வியர்வை சிந்திப் பொருளீட்டும் வணிகப் பெருமக்களே! சமுதாயத்தின் நாளைய தூண்களான இளைஞர்களே!

இடஒதுக்கீடு பற்றியும் வக்ஃபு சொத்துக்கள் பற்றியும் பேச வேண்டிய மேடையில், பிள்ளைகளின் உயரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இருக்கிறது சகோதரர்களே! ஒரு பிள்ளை வளர அல்லாஹ் ஒரு காலக்கெடுவை வைத்திருக்கிறான். அந்தக் கெடு முடிந்த பிறகு கோடி ரூபாய் கொட்டினாலும் ஒரு சென்டிமீட்டர் கூடாது. கெடு முடியும் முன் விழித்துக் கொண்டவர் பயனடைகிறார். தூங்கியவர் இழக்கிறார். கெடு இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று தெரியாமலேயே பணத்தைக் கொட்டுபவர் ஏமாறுகிறார். நம்மில் இந்த மூன்று வகையினரும் இருக்கிறார்கள்.

பதினான்கு வயது மகன் வகுப்பிலேயே குள்ளமாக நிற்கிறான். வீட்டில் என்ன நடக்கிறது? 'அவன் வாப்பாவும் இப்படித்தான் இருந்தார், திடீரென்று வளர்ந்துவிட்டார்' என்று பாட்டி சொல்கிறார். உம்மா, விளம்பரத்தில் பார்த்த பவுடரை வாங்கிப் பாலில் கலக்குகிறார். கையில் நாலு காசு உள்ள வாப்பா, யாரோ சொன்னதைக் கேட்டு 'வளர்ச்சி ஊசி போட்டுவிடலாமா?' என்று கேட்கிறார். இந்த மூவரில் பாட்டி சொன்னது சரியாக இருக்கலாம், வாப்பா கேட்டதும் சரியாக இருக்கலாம். எது சரி என்று எப்படி அறிவது? அதைச் சொல்லத் தொடங்குவது ஒரு சாதாரண எக்ஸ்ரே படம்.

கையில் எழுதப்பட்ட வயது

1895ஆம் ஆண்டு எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன், தன் மனைவியின் கையைத் தான் படமெடுத்தார். இன்றும் பிள்ளைகளின் வளர்ச்சியை அறிய மருத்துவர்கள் கேட்பது கையைத் தான். இடது கை, மணிக்கட்டோடு சேர்த்து ஒரே படம். இதில் உடலில் படும் கதிர், ஒரு நாளில் இயற்கையாகவே நம்மீது படும் கதிரைவிடக் குறைவு. அச்சப்பட ஒன்றுமில்லை.

கை எதற்கு? பிறந்த குழந்தையின் மணிக்கட்டைப் படமெடுத்தால் அங்கே எலும்பே தெரியாது. எல்லாம் குருத்தெலும்பாக இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக எட்டு எலும்புகள் படத்தில் தோன்றுகின்றன. விரல் எலும்புகளின் நுனியில் மெல்லிய இடைவெளி ஒன்று தெரியும். அது தான் வளர் தட்டு. எலும்பு நீள்வது அங்கே தான். பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் அந்தத் தட்டை மெல்ல மெல்ல இறுக்கி மூடுகின்றன. மூடிவிட்டால் வளர்ச்சி முடிந்தது.

ஆகவே பிள்ளைக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று பிறப்புச் சான்றிதழில் உள்ள வயது. மற்றொன்று எலும்பு வயது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் 1931 முதல் 1942 வரை பிள்ளைகளைத் தொடர்ந்து படமெடுத்து வந்தார்கள். அந்தப் படங்களைக் கொண்டு கிரூலிச், பைல் என்ற இருவர் 1950இல் ஒரு படத்தொகுப்பை வெளியிட்டனர். இன்றும் நம் ஊர் மருத்துவமனைகளில் பலரும் அதில் உள்ள படத்தோடு நம் பிள்ளையின் படத்தை ஒப்பிட்டுத் தான் எலும்பு வயதைச் சொல்கிறார்கள். 1952இல் பெய்லி, பின்னோ ஆகியோர் ஓர் அட்டவணை தந்தார்கள். எந்த எலும்பு வயதில், முழு உயரத்தில் எத்தனை விழுக்காடு முடிந்திருக்கும் என்பதை அது கூறும்.

வணிகப் பெருமக்களே, கணக்கு உங்களுக்குக் கைவந்த கலை! இதைக் கேளுங்கள். இரண்டு பையன்கள். இருவருக்கும் வயது 14. இருவரும் 140 செ.மீ. உயரம். கடை வாசலில் அருகருகே நிறுத்தினால் வித்தியாசம் தெரியாது. ஒருவனின் எலும்பு வயது 13. அந்த அட்டவணைப்படி அவன் தன் முழு உயரத்தில் ஏறத்தாழ 88 விழுக்காட்டை எட்டியிருக்கிறான். அப்படியானால் அவன் சுமார் 160 செ.மீ. வரை வளர்வான். மற்றவனின் எலும்பு வயது 15. அவன் ஏறத்தாழ 97 விழுக்காட்டை முடித்துவிட்டான். அவன் 145 செ.மீ.யைத் தாண்டுவது கடினம். ஒருவன் கையிருப்பில் 20 செ.மீ., மற்றவன் கையிருப்பில் 5 செ.மீ.! இது மதிப்பீடு தான், சில சென்டிமீட்டர் முன்பின்னாகும். ஆனாலும் கையிருப்பு தெரியாமல் முதலீடு செய்யும் வியாபாரி உண்டா?

எலும்பு வயது பின்தங்கியிருந்தால் என்ன பொருள்?

எலும்பு வயது குறைவு என்றதும் ஊசி போட ஓடிவிடாதீர்கள். அது குறைய பல காரணங்கள் உண்டு.

முதலாவது, தாமதமாகப் பூப்பவர்கள். வாப்பாவும் மாமாவும் பதினாறு, பதினேழு வயதில் தான் நெடுநெடுவென வளர்ந்திருப்பார்கள். பிள்ளையும் அப்படியே. இவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை மருந்தல்ல, பொறுமை. பாட்டி சொன்னது சரியாகும் இடம் இது தான்.

இரண்டாவது, தைராய்டு சுரப்பு குறைவு. இதற்குத் தினம் ஒரு மாத்திரை, விலையும் மலிவு. மூன்றாவது, சத்துக்குறைவு, குடல் நோய், நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு போன்றவை. அந்த நோயைத் தான் முதலில் கவனிக்க வேண்டும்.

நான்காவதாகத் தான் வளர்ச்சி ஹார்மோன் குறைவு. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அந்த ஹார்மோனைச் சுரக்காமல் போவது. இதை உறுதி செய்ய மருந்து கொடுத்து, சில மணி நேரத்தில் பலமுறை ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். அதன் பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

தலைக்கு எதற்கு ஸ்கேன்?

'பையன் குள்ளமாக இருக்கிறான் என்றால் தலையை ஏன் ஸ்கேன் எடுக்கிறார்கள்? காசு பிடுங்கவா?' என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, அந்தச் சுரப்பியின் அருகே கட்டி இருக்கலாம். தலைவலி, பார்வை மங்கல், வளர்ச்சி நின்று போதல் என்று அது வெளிப்படலாம். அதைப் பாராமல் வளர்ச்சி ஊசியைத் தொடங்குவது ஆபத்து.

மற்றொன்று, சிகிச்சையின் பலனை முன்கூட்டியே அறிய அந்தப் படம் உதவுகிறது. சுரப்பி மிகச் சிறுத்திருந்தாலோ, அதைத் தாங்கும் காம்பு அறுந்தோ மெலிந்தோ இருந்தாலோ, சுரப்பியின் பின்பகுதி இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே நின்றாலோ, குறைபாடு உண்மையானது, கடுமையானது என்று பொருள். இத்தகைய பிள்ளைகள் ஊசிக்கு நன்றாகப் பலன் காட்டுகிறார்கள். சுரப்பி முற்றிலும் சரியாக இருந்து, ரத்தச் சோதனை மட்டும் ஓரளவு குறைவு காட்டினால், அந்தப் பிள்ளையிடம் அதே அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. பருவ வளர்ச்சி முடிந்தபின் மறுபடி சோதித்தால் இவர்களில் பலருக்குச் சுரப்பு சரியாகவே இருப்பதும் உண்டு.

ஆக, கைப்படம் எவ்வளவு காலம் மிச்சம் என்று சொல்கிறது. தலைப்படம் குறைபாடு எத்தகையது என்று சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பலன் கிட்டுமா என்று ஓரளவு சொல்லலாம்.

ஓரளவு என்று தான் சொன்னேன். 1999இல் ஜெர்மனியின் ராங்கே தலைமையிலான குழுவினர், பன்னாட்டுப் பதிவேட்டிலிருந்து ஒரு கணிப்பு முறையை வெளியிட்டார்கள். பருவம் எய்தாத பிள்ளைகளின் வயது, ரத்தச் சோதனையில் கண்ட ஹார்மோன் அளவு, பிறந்த எடை, பெற்றோரின் உயரம், உடல் எடை, ஊசியின் அளவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தும், முதலாண்டு வளர்ச்சியில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தான் அதனால் விளக்க முடிந்தது. மீதியை அல்லாஹ்வே அறிவான். 'கண்டிப்பாக ஆறடி ஆக்கிக் காட்டுகிறேன்' என்று எவர் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்!

இன்று கம்ப்யூட்டரே எலும்பு வயதைச் சொல்கிறது. டென்மார்க்கில் உருவான ஒரு மென்பொருள் 2009 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. 2017இல் அமெரிக்கக் கதிரியக்கவியல் சங்கம் சுமார் 14,000 கைப்படங்களைக் கொடுத்து ஒரு போட்டியே நடத்தியது. நல்ல முன்னேற்றம் தான். ஆனால் அந்தப் படங்கள் அமெரிக்காவின் இரண்டு குழந்தைகள் மருத்துவமனைகளில் எடுக்கப்பட்டவை. அன்று கிளீவ்லாண்ட், இன்று கொலராடோவும் ஸ்டான்போர்டும். நம் ஊர்ப் பிள்ளைகளின் படங்கள் எங்கே? மருத்துவக் கதிரியக்கம் படிக்கும் நம் இளைஞர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஊசியின் கதை

1958இல் பாஸ்டன் நகரின் டாக்டர் ராபன், 17 வயது இளைஞர் ஒருவருக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுத்துப் பலன் கண்டதை வெளியிட்டார். அந்த ஹார்மோன், இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. 1985இல், அப்படிச் சிகிச்சை பெற்ற சிலருக்கு மூளையை அழிக்கும் கொடிய நோய் வந்தது தெரிய வர, அமெரிக்காவில் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் மரபணுத் தொழில்நுட்பத்தால் ஆய்வுக்கூடத்திலேயே தயாரான ஹார்மோன் அனுமதி பெற்றது. இன்று பயன்படுவது அந்த வகை தான். தினமும் போட வேண்டிய ஊசி அது. வாரம் ஒருமுறை போடும் வகைகளும் வந்திருக்கின்றன.

பிள்ளையின் எடைக்கேற்ப மருந்தின் அளவு கூடும், அளவு கூடினால் செலவு கூடும். ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து வருபவரிடம் பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள், வெயிலில் அது வீணாகிவிடும். எந்தக் குறைபாடும் இல்லாமல் வெறுமனே குள்ளமாக இருக்கும் பிள்ளைகளுக்கும் போட அமெரிக்கா 2003இல் அனுமதித்தது. அவர்களுக்குப் பல ஆண்டுகள் போட்டும் கிடைத்தது சராசரியாக 4 முதல் 7 செ.மீ. தான். கடையை அடகு வைக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உண்மையான குறைபாடு உள்ள பிள்ளைக்கோ, அதே ஊசி வாழ்க்கையையே மாற்றித் தருகிறது.

சிகிச்சை தொடங்கியபின் எலும்பு வயதைக் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் பார்ப்பார்கள். பெண்ணுக்கு எலும்பு வயது 14, ஆணுக்கு 16 தாண்டினாலோ, ஆண்டு வளர்ச்சி 2 செ.மீ.க்குக் கீழே போனாலோ நிறுத்துவது வழக்கம்.

சிந்து, பம்பாய், இலங்கை

இனி நம் சமுதாயம் காது கொடுத்துக் கேட்க வேண்டிய செய்தி. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இரண்டு கிராமங்களில், ஒரே வம்சத்தில் 18 பேர் மிகக் குள்ளமாக இருந்ததை 1998இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வளர்ந்த ஆண்களின் உயரமே ஏறத்தாழ 130 செ.மீ. தான். அவர்களில் மூத்தவருக்கு வயது 28. அந்த வம்சத்தில் சொந்தத்துக்குள்ளேயே திருமணங்கள் நடந்து வந்தன. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும் கட்டளையை வாங்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதே மாற்றம், 1996இல் பம்பாய்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தில் கண்டறியப்பட்டது. 1998இல் இலங்கையைச் சேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்திலும் கண்டார்கள்.

மார்க்கம் அனுமதித்த திருமணத்தைத் தடுக்க நான் வரவில்லை. ஆனால், வம்சத்தில் ஏற்கனவே ஒரு பிள்ளை மிகக் குள்ளமாக இருந்தால், தலைமுறை தலைமுறையாக மாமன் மகள், பெரியம்மா மகன் என்றே முடிப்பதற்கு முன் மருத்துவரிடம் ஆலோசனை கேளுங்கள். இத்தகைய குறைபாடு ஊசிக்குக் கட்டுப்படக் கூடியது. ஆனால் சிறுவயதிலேயே தொடங்க வேண்டும். 28 வயதில் வளர் தட்டுகள் மூடியபின் கண்டுபிடித்து என்ன பயன்?

பெண் பிள்ளைகளை மறைக்காதீர்கள்

பல நாடுகளின் சிகிச்சைப் பதிவேடுகளைப் பார்த்தால், இந்த ஊசி பெறுவோரில் ஆண் பிள்ளைகளே அதிகம். நம் வீடுகளில் கேட்கவே வேண்டாம். 'பெண் தானே, குள்ளமாக இருந்தால் என்ன?' என்பார்கள். அல்லது நிகாஹ் பேசும்போது பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பார்கள். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு டர்னர் எனும் குரோமோசோம் குறைபாடு உண்டு. குள்ளம் அதன் முதல் அடையாளமாக இருக்கலாம். இதய, சிறுநீரகக் கோளாறும் உடன் இருக்கலாம். அவர்களுக்கும் வளர்ச்சி ஊசி பலன் தருகிறது. பெண்ணின் எலும்பு ஆணின் எலும்பைவிட இரண்டு ஆண்டு முன்பே முதிர்ந்துவிடும். அதாவது பெண்ணுக்குக் காலக்கெடு குறைவு. நாமோ அவளைத் தான் தாமதமாக அழைத்துச் செல்கிறோம்!

வணிகர்களுக்கும் இளைஞர்களுக்கும்

கடையில் 'உயரம் கூட்டும் பவுடர்' விற்கும் சகோதரர்களே! 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், உயரத்தைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வளர் தட்டு மூடிய பிள்ளைக்கு எந்தப் பவுடரும் உதவாது என்று தெரிந்தும், ஓர் ஏழைத் தாயின் பணத்தை வாங்குவது ஹலாலான வியாபாரமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். பவுடரில் போகும் பணத்தைவிட, அதில் போகும் இரண்டு ஆண்டுகள் தான் பெரிய இழப்பு.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்களே! உடம்பு ஏற வேண்டும் என்று இதே ஊசியை மருத்துவர் சீட்டு இல்லாமல் போட்டுக் கொள்பவர்கள் இருக்கிறார்கள். தட்டு மூடியபின் எலும்பு நீளாது. தாடையும் கையும் பாதமும் தான் தடிக்கும். சர்க்கரை நோயும் வரலாம். மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் இதற்குத் துணை போகாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே எலும்புப் படத்தை வைத்துத் தான், கைது செய்யப்படும் நம் இளைஞன் சிறுவனா, பெரியவனா என்றும் பார்க்கிறார்கள். இந்தப் படத்தில் இருபுறமும் இரண்டு ஆண்டு வரை பிழை வரலாம் என்று உச்ச நீதிமன்றமே 1982இல் கூறியிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவின்படி முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் நகராட்சி, பஞ்சாயத்து தரும் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால் தான் எலும்புச் சோதனை. பிறப்பைப் பதிவு செய்யாத வீடு, தன் பிள்ளையின் வயதை ஒரு படத்தின் பிழையிடம் ஒப்படைக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை ஒன்றுகூட நம் மஹல்லாவில் இருக்கக் கூடாது.

என்ன செய்யலாம்?

மதரஸாவின் சுவரில் ஓர் அளவுகோலை வரையுங்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் நோட்டில் குறியுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயிண்ட். நான்கு வயதிலிருந்து பருவமடையும் வரை பிள்ளை ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர வேண்டும். 4 செ.மீ.க்கும் குறைந்தால் பெற்றோரை அழைத்துச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்புங்கள். கைப்படமும் தைராய்டு சோதனையும் பெரிய செலவல்ல. பெரும்பாலோருக்கு அத்தோடு விடை கிடைத்துவிடும். ஸ்கேனும் ஊசியும் தேவைப்படும் சிலருக்கு பைத்துல்மால் கை கொடுக்கட்டும். வசதி படைத்த வணிகர்கள் ஆளுக்கொரு பிள்ளையைப் பொறுப்பேற்கலாம்.

நோய்க்கு மருத்துவம் செய்து கொள்ளும்படி நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். அதே வேளையில், உயரத்தை வைத்து எவரையும் இழிவாகப் பேச மார்க்கத்தில் இடமில்லை. வளர்க்க முடிந்த பிள்ளையைக் காலத்தில் வளர்ப்போம். வளர்ச்சி முடிந்துவிட்ட பிள்ளையை 'குட்டை' என்று கேலி பேசும் நாவை அடக்குவோம். இரண்டுமே நம் கடமை.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி ஒரு கோடு போடுங்கள், தேதியையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கோடு உங்களுக்குப் பதில் சொல்லும், இன்ஷா அல்லாஹ்.